ஏழாண்டு அனுபவம் யாருடையது? டெண்டர் விதிகளுக்குள் ஒரு வரலாறு

நகராட்சி அலுவலகத்துக்குப் பிறப்புச் சான்றுக்கும் வரி கட்டவும் போகிறோம். அங்கே பலகையில் ஒட்டியிருக்கும் டெண்டர் அறிவிப்பை நின்று வாசிப்பவர்கள் எத்தனை பேர்? அது காண்ட்ராக்டர்கள் சமாச்சாரம் என்று கடந்துவிடுகிறோம். ஆனால் நம் தெருவின் சாக்கடையை யார் கட்டுவது, அதில் யார் இறங்குவது, இறங்குகிறவருக்கு என்ன கூலி என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் முடிவாகிறது. இந்தக் கட்டுரை அந்தத் தாளில் உள்ள ஒரே ஒரு நிபந்தனையைப் பற்றியது. 'முன் அனுபவம்' என்று அதற்குப் பெயர்.

மத்தியக் கண்காணிப்பு ஆணையம் 2002 டிசம்பர் 17 அன்று ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பொதுப்பணி ஒப்பந்தங்களுக்கு யாரைத் தகுதியானவராகக் கருதலாம் என்பதற்கான வழிகாட்டல் அது. கடந்த ஏழு ஆண்டுகளில் அதே மாதிரியான வேலைகளை முடித்திருக்க வேண்டும். மதிப்பீட்டுத் தொகையில் 40 விழுக்காடு அளவில் மூன்று வேலைகள், அல்லது 50 விழுக்காடு அளவில் இரண்டு, அல்லது 80 விழுக்காடு அளவில் ஒன்று. கூடவே கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி வரவுசெலவு மதிப்பீட்டுத் தொகையில் 30 விழுக்காடாவது இருக்க வேண்டும். நாடு முழுக்கப் பல துறைகள் இந்தக் கணக்கை, அல்லது இதன் சாயலில் ஒன்றைப் பின்பற்றுகின்றன.

இதை இரண்டு முறை வாசியுங்கள் தோழர்களே. எவ்வளவு வேலை செய்தாய் என்று கேட்கிறது. எவ்வளவு பணம் புரட்டினாய் என்று கேட்கிறது. செய்த வேலை நின்றதா, இடிந்ததா? வேலையாட்களுக்குக் கூலி கொடுத்தாயா? உன் வேலையில் யாராவது செத்தார்களா? இந்தக் கணக்கில் அதற்கெல்லாம் இடமில்லை. வேலை 'திருப்திகரமாக முடிந்தது' என்று ஒரு பொறியாளர் கையெழுத்திட்ட சான்றிதழ் போதும்.

தமிழ்நாட்டின் சட்டம் ஒரு விதத்தில் மேல். 1998ல் ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம் வந்தது. அதன்கீழ் 2000ஆம் ஆண்டு விதிகள் வந்தன. அந்த விதிகளில் முன்தகுதிக்கான அளவுகோல்களில், ஆள்பலம், இயந்திர பலம், பணபலம் ஆகியவற்றோடு முந்தைய ஒப்பந்தங்களில் ஒருவரின் செயல்பாட்டையும் பார்க்கச் சொல்லியிருக்கிறது. நல்ல சொல்தான், 'செயல்பாடு'. ஆனால் எதை வைத்து அளப்பது? யாரிடம் கேட்பது? சட்டப்புத்தகத்தில் இருக்கும் இந்தச் சொல் டெண்டர் படிவத்துக்கு வரும்போது மறுபடியும் தொகையாகவும் ஆண்டாகவும் சுருங்கிவிடுகிறது. எண்ணை அளப்பது எளிது, நடத்தையை அளக்க மனம் வேண்டும்.

ஒப்பந்ததாரரின் நடத்தையை அரசு கேட்க வேண்டும் என்பது புதிய சிந்தனை இல்லை. 1891லேயே இங்கிலாந்தின் மக்களவை 'நியாயக் கூலித் தீர்மானம்' ஒன்றை நிறைவேற்றியது. அரசுப் பணத்தில் வேலை செய்யும் ஒப்பந்ததாரர், அந்தத் தொழிலில் வழக்கிலுள்ள கூலியைத் தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். குறைந்த விலைக்கு டெண்டர் எடுத்துவிட்டு அந்த வித்தியாசத்தைக் கூலியில் பிடித்துக்கொள்ளும் தந்திரம் அன்றைக்கே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதே வெள்ளை அரசு இந்தியாவில் அந்தத் தீர்மானத்தைப் பல பத்தாண்டுகள் கண்டுகொள்ளவில்லை. நியாயம் கப்பலேறி வரச் சற்றுத் தாமதமானது என்று வைத்துக்கொள்வோம்.

1942 முதல் 1946 வரை அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். அவரைச் சட்டமேதை என்று மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். மத்தியப் பொதுப்பணித் துறை அவர் பொறுப்பிலிருந்த துறையின்கீழ் இருந்தது என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. 1944ல் டி.வி. ரேகே தலைமையில் தொழிலாளர் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது அவர் காலத்தில்தான். அந்தக் குழு தொழில் தொழிலாகச் சென்று ஒப்பந்தக் கூலிமுறையின் கொடுமைகளைப் பதிவு செய்தது. மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்தங்களில் நியாயக் கூலி விதி நுழைந்ததும் 1940களில்தான். 1949ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இதையே 94ஆம் எண் உடன்படிக்கையாக்கியது. அதில் இந்தியா இன்றுவரை கையெழுத்திட்டு ஏற்கவில்லை. 1970ல் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தபோது, ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் வேலை கொடுத்த முதன்மை நிறுவனமே தர வேண்டும் என்றும், விதிமீறினால் உரிமத்தை ரத்து செய்யலாம் என்றும் எழுதினார்கள்.

ஆனால் தொழிலாளர் துறையின் கோப்பும் டெண்டர் திறக்கும் அதிகாரியின் கோப்பும் ஒரே மேசைக்கு வருவதில்லை. கூலி பாக்கி வைத்தவர் அடுத்த ஊர் நகராட்சியில் புதிய ஆளாக டெண்டர் போடுகிறார். தேவைப்பட்டால் மைத்துனர் பெயரில் போடுகிறார்.

இனி வீடுகளுக்கு வருகிறேன். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். ஆறாண்டுகள் கழித்து, 1974ல் தாட்கோ தொடங்கப்பட்டது. அதன் தொடக்ககால வேலை, ஆதிதிராவிடர்களுக்குத் 'தீப்பிடிக்காத வீடுகள்' கட்டித் தருவது. அந்தச் சொல்லை அரசாணையின் வறண்ட சொல்லாக என்னால் வாசிக்க முடியவில்லை. ஓலைக் கூரையிலிருந்து காங்கிரீட்டுக்கு வருவது நம் மக்களுக்கு உயிர்ப் பிரச்சினை. அந்தக் காங்கிரீட்டைப் போட்டவர் யார்?

நம் வட்டாரத்தில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கட்டிய தொகுப்பு வீடு ஏதாவது ஒன்றுக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். பல வீடுகளில் காரை உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி விலா எலும்புபோலத் தெரியும். மழைக்கு ஒழுகும் கூரைக்குக் கீழே பிள்ளைகள் படிக்கின்றன. 2024ல் தமிழ்நாடு அரசு, 2000-01க்கு முன் பல்வேறு திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க 2000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. கணக்கு, இரண்டரை லட்சம் வீடுகள். பழுதுபார்ப்பதை வரவேற்கிறோம். ஆனால் எந்தக் காலனியை யார் கட்டினார், எந்தக் கட்டடம் எத்தனை ஆண்டு தாங்கியது என்று ஒரு பதிவேடு இருந்திருந்தால், அடுத்த காலனியைக் கட்டும்போது அதைப் பார்த்திருக்கலாம். பெயர்ப்பலகையில் திறந்துவைத்த அமைச்சரின் பெயர் இருக்கும், சட்டமன்ற உறுப்பினர் பெயர் இருக்கும், ஆட்சியர் பெயர் இருக்கும். ஒப்பந்ததாரர் பெயர் மட்டும் பெரும்பாலும் இருக்காது.

இதற்குச் சென்னைப் புளியந்தோப்பைவிடச் சரியான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1921ல் பின்னி மில் வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடர் குடிசைகள் எரிக்கப்பட்ட இடம் அது. எம்.சி. ராஜாவின் அரசியலைப் படிப்பவர்கள் அந்த ஆண்டைக் கடக்காமல் போக முடியாது. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 2021 ஆகஸ்டில் அதே புளியந்தோப்பு மறுபடியும் செய்தியானது. கேசவப்பிள்ளை பூங்காப் பகுதியில் குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு. இரண்டு கட்டமாக 1,920 வீடுகள். புதிதாகக் குடிவந்தவர்கள் சுவரைக் கையால் தொட்டால் பூச்சு மண்ணாக உதிர்ந்தது. அந்தக் காணொளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சட்டமன்றத்தில் எழும்பூர் உறுப்பினர் பரந்தாமன் பேசினார். சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வுக்கு அனுப்பினார்கள். பூச்சு தரமற்றது என்று ஆய்வில் தெரிந்தது. பொறியாளர்கள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

அந்த வாரங்களில் ஊடகங்களில் ஓடிய பேச்சை நினைத்துப் பாருங்கள். எந்தக் கட்சி ஆட்சியில் கட்டியது, யாருக்கு யார் பினாமி என்பதே பேச்சு. வாரியத்தின் பெயர் அடுத்த மாதம் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாறியது. டெண்டர் படிவத்தில் ஒரு வரி மாறியதா என்று யாரும் கேட்கவில்லை. அதே ஆண்டு ஜனவரி 23 அன்று விழுப்புரம் மாவட்டம் தளவானூரில், தென்பெண்ணைமீது 25 கோடிக்கு மேல் செலவழித்துக் கட்டிய தடுப்பணை திறந்து சில மாதங்களிலேயே உடைந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கும் பொறியாளர்கள் பணியிடை நீக்கம். அதிகாரியைத் தண்டிப்பது நம் அமைப்புக்கு எளிதாக வருகிறது. ஒப்பந்ததாரர் என்று வந்தால் நாக்கு தடுமாறுகிறது.

ஏன் தடுமாறுகிறது? ஒரு காரணம் எல்லோரும் அறிந்த கமிஷன். இன்னொரு காரணம் சட்டத்தில் இருக்கிறது. அதை நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

ஒரு நிறுவனத்தை டெண்டரிலிருந்து விலக்கி வைப்பதை எல்லோரும் 'கறுப்புப் பட்டியல்' என்கிறார்கள். கறுப்பு நம் நிறம், எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. தடைப் பட்டியல் என்றே எழுதுகிறேன். 1974 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எருசியன் நிறுவனத்துக்கும் மேற்கு வங்க அரசுக்கும் இடையிலான வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. சின்கோனா டெண்டரை ஒட்டி எழுந்த வழக்கு. ஒருவரைத் தடைப் பட்டியலில் வைப்பது அரசோடு வணிகம் செய்யும் சம வாய்ப்பை அவரிடமிருந்து பறிக்கிறது. ஆகவே அவர் தரப்பைக் கேட்காமல் அப்படிச் செய்யக்கூடாது என்றது தீர்ப்பு. 2013ல் குல்ஜா நிறுவன வழக்கில், தடை குற்றத்தின் அளவுக்கேற்ப இருக்க வேண்டும், நிரந்தரமாக இருக்கக்கூடாது என்றார்கள். 2014ல் கூர்க்கா செக்யூரிட்டி வழக்கில், தடை விதிக்கப்போகிறோம் என்பதை முதல் நோட்டீசிலேயே தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்றார்கள்.

இவை தவறான தீர்ப்புகள் என்று நான் சொல்லமாட்டேன். அதிகாரி நினைத்தால் ஒருவரைத் தொழிலிலிருந்து தூக்கி எறியலாம் என்று இருந்தால், முதலில் எறியப்படுவது நம் ஆளாகத்தான் இருக்கும். விசாரணை இல்லாத தண்டனை எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஆனால் பெரிய ஒப்பந்ததாரர்கள் இந்தப் பாதுகாப்பைப் பயன்படுத்தும் விதம் வேறு. நோட்டீசில் ஒரு வரி விடுபட்டிருக்கும், உயர் நீதிமன்றத்தில் தடையாணை கிடைக்கும், அடுத்த டெண்டர் முடிந்துவிடும்.

மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் 151ஆம் விதி இன்னொரு வேடிக்கை. பொது ஒப்பந்தத்தை நிறைவேற்றும்போது உயிரிழப்போ பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்தோ ஏற்படுத்தியதற்காகத் தண்டனை பெற்றவரை மூன்று ஆண்டுவரை விலக்கலாம் என்கிறது. 'தண்டனை பெற்றவர்' என்ற சொல்லில் நின்று யோசியுங்கள். 1993ல் ஒரு சட்டம், 2013ல் இன்னொரு சட்டம். 2013 சட்டத்தின்படி பாதுகாப்பில்லாமல் சாக்கடைக் குழியிலும் மலக்குழியிலும் மனிதரை இறக்குவதே குற்றம். முதல் முறைக்கு இரண்டு ஆண்டு சிறை அல்லது இரண்டு லட்சம் அபராதம் அல்லது இரண்டும், மறுமுறைக்கு ஐந்து ஆண்டு, ஐந்து லட்சம். 1993க்குப் பின் இப்படி இறந்தவர்கள் தமிழ்நாட்டில் மட்டும் இருநூறுக்கும் மேல், மாநிலங்களில் இதுவே அதிகம் என்று அரசுக் கணக்கே சொல்கிறது. இந்தச் சட்டத்தில் தண்டனை பெற்றவர்களை நாடு முழுவதிலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். தண்டனையே இல்லாத நாட்டில், தண்டனை பெற்றவரை விலக்குவோம் என்று எழுதி வைப்பதில் யாருக்கு என்ன நட்டம்?

இந்த இடத்தில்தான் 2023 அக்டோபர் 20 முக்கியமாகிறது. டாக்டர் பல்ராம் சிங் வழக்கில் நீதிபதிகள் ரவீந்திர பட், அரவிந்த் குமார் அமர்வு தீர்ப்பளித்தது. சாக்கடை மரணத்துக்கு 2014ல் சபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில் விதித்த 10 லட்சம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்திய தீர்ப்பு என்றே பலருக்கும் அதைத் தெரியும். அதிகம் பேசப்படாத இன்னொரு கட்டளை அதே தீர்ப்பில் இருக்கிறது. ஒன்றிய அரசு மாதிரி ஒப்பந்தம் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். 2013 சட்டத்தின் தரங்கள் அதில் கட்டாயமாக இருக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் அந்த நிறுவனம் ஒப்பந்தத்தை இழக்கும், தடைப் பட்டியலிலும் வைக்கப்படலாம். மாநிலங்களும் அந்த மாதிரியையே பயன்படுத்த வேண்டும். குற்றவியல் தண்டனைக்குப் பத்தாண்டு காத்திருக்காமல், மரணத்தை ஒப்பந்ததாரரின் 'முன் செயல்பாடு' என்ற கணக்கில் நேரடியாகக் கொண்டுவந்து வைத்த கட்டளை இது. உங்கள் ஊர் நகராட்சியின் ஒப்பந்தப் படிவத்தில் இந்த வரி ஏறியிருக்கிறதா?

இதுவரை சொன்னது ஒரு பாதி. முன் அனுபவம் சரியாகப் பார்க்கப்படவில்லை என்ற பாதி. மறுபாதியில் முன் அனுபவமே நமக்கு எதிரான வேலியாக நிற்கிறது.

ஏழு ஆண்டுகளில் 80 விழுக்காடு அளவில் ஒரு வேலை என்றால், நேற்றுச் சிவில் டிப்ளமோ முடித்து, கொத்தனாரான அப்பாவோடு வேலை பார்த்து, இன்று சொந்தமாக டெண்டர் போட நினைக்கும் நம் தம்பிக்கு அந்த அனுபவம் எங்கிருந்து வரும்? முதல் வேலை கிடைக்க முந்தைய வேலை வேண்டும். முந்தைய வேலை யாரிடம் இருக்கிறது? நிலமும் லாரியும் குவாரியும் வங்கி உத்தரவாதமும் யாரிடம் இருந்ததோ அவர்களிடம். அந்தக் கட்டடங்களின் செங்கலைச் சுமந்தவர்களிடம் அனுபவம் இல்லையாம்.

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் இதே சுவரில் மோதினார்கள். வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகர மக்களில் பாதிப் பேர் கறுப்பினத்தவர். ஐந்து ஆண்டுகளில் நகர நிர்வாகத்தின் முதன்மைக் கட்டுமான ஒப்பந்தங்களில் சிறுபான்மையினர் பெற்றது 0.67 விழுக்காடு. 1983ல் நகர மன்றம், ஒப்பந்தத் தொகையில் 30 விழுக்காட்டைச் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்கு உள் ஒப்பந்தமாகத் தர வேண்டும் என்று விதித்தது. குரோசன் என்ற நிறுவனம் வழக்குப் போட்டது, 1989ல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. எந்த வேலைக்கான டெண்டரில் இந்த வழக்கு எழுந்தது தெரியுமா? நகரச் சிறைச்சாலையில் கழிப்பறைக் கோப்பைகள் பொருத்தும் வேலை. அந்த நாட்டிலும் சமத்துவத்தின் கணக்கு கழிப்பறையில்தான் வந்து நின்றிருக்கிறது.

இந்தியாவில் 2002 ஜனவரியில் போபால் பிரகடனம் அரசுக் கொள்முதலில் தலித், பழங்குடிகளுக்குப் பங்கு கேட்டது. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களுக்கான 2012 கொள்முதல் ஆணை பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறு நிறுவனங்களிடமிருந்து 4 விழுக்காடு வாங்கச் சொன்னது. பல ஆண்டுகள் அது 1 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. கர்நாடகம் 2017ல் ஒரு படி மேலே போனது. 50 லட்சம்வரையிலான அரசுப் பணி ஒப்பந்தங்களில் 24.10 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடி ஒப்பந்ததாரர்களுக்குச் சட்டப்படி ஒதுக்கியது. 2023ல் அந்த வரம்பை ஒரு கோடியாக உயர்த்தினார்கள். சமூக நீதிக்குப் பெயர்போன நம் மாநிலத்தில் இப்படி ஒரு சட்டத்துக்கான இயக்கத்தை நாம்தான் நடத்த வேண்டும்.

தமிழ்நாட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2023ல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் வந்தது, முதலீட்டில் 35 விழுக்காடு மானியம். 2024 டிசம்பர் 6 அன்று அந்தத் திட்டத்தின்வழி, சென்னைக் குடிநீர் வாரியத்துக்காக 213 கழிவுநீர் அகற்றும் நவீன வாகனங்கள் தூய்மைப் பணியாளர்களிடமே தொழில்முனைவோராக ஒப்படைக்கப்பட்டன. ஏழாண்டு வேலை ஒப்பந்தத்தோடு. குழிக்குள் இறங்கிய கையில் இயந்திரத்தின் சாவி. குறைகள் இருக்கலாம், கடன் சுமை பற்றிய கேள்விகள் இருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பழைய ஏழாண்டு விதி முன்பு செய்த வேலையைச் சான்றாகக் கேட்டது. இங்கே அதே ஏழாண்டு, இனிமேல் செய்யப்போகும் வேலைக்கான உறுதியாக மாறியிருக்கிறது. அரசு நினைத்தால் அனுபவத்துக்கு வேறு விளக்கம் எழுத முடியும் என்பதற்கு இதுவே ஆதாரம். அதே சென்னையில் 2025 ஆகஸ்டில், புளியந்தோப்பை உள்ளடக்கிய திரு.வி.க. நகர் மண்டலமும் ராயபுரம் மண்டலமும் தனியாருக்குப் போவதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் அமர்ந்திருந்தார்கள். 13ஆம் தேதி இரவு அவர்களைத் தூக்கி வண்டியில் ஏற்றியதும் அதே அரசுதான். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சங்கரன்கோவில் தனித்தொகுதி. ஆடித்தபசுக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வரும். மறுநாள் காலை அந்த வீதிகளைத் துப்புரவாக்குகிறவர்கள் யார், அவர்கள் யாருடைய சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி நகராட்சிக்கு ஒரு மனு எழுதுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் துப்புரவு, வடிகால், காலனி வேலைகளை எடுத்த ஒப்பந்ததாரர்களின் பட்டியலைக் கேளுங்கள். ஒவ்வொருவரும் கொடுத்த முன் அனுபவச் சான்றின் நகல், தொழிலாளர்களுக்குப் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டிய ரசீது, யாருக்காவது அபராதமோ தடையோ விதித்த ஆணை, இவற்றையும் கேளுங்கள். 2023 தீர்ப்பு சொன்ன மாதிரி ஒப்பந்தத்தின் வரி இங்கே நடைமுறையில் இருக்கும் படிவத்தில் எந்தப் பக்கத்தில் உள்ளது என்பது கடைசிக் கேள்வி. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு.

இன்னொன்று. அந்தச் சட்டத்தின் 2(ஜெ) பிரிவு வெறும் தாளோடு நிற்கவில்லை. நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளில் சான்றளித்த மாதிரி எடுக்கவும் அது குடிமகனுக்கு உரிமை தருகிறது. காலனியில் வடிகாலோ அங்கன்வாடியோ எழும்போது அந்த உரிமையைக் கேட்டு எழுதுங்கள். போகும்போது நம் தெருக் கொத்தனார் ஒருவரையும் கூட்டிப்போங்கள். பூச்சில் சிமென்ட் எவ்வளவு, மணல் எவ்வளவு என்று நகத்தால் சுரண்டியே சொல்லிவிடுவார்.